மீன் தொட்டியில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் பெஸ்தாரி ஜெயா, பழைய ஆட்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே தாமான் வீடுகளிலும் தோட்டத்துக் குடியிருப்புகளிலும் முன்னறையில் இரண்டடி மீன் தொட்டி ஒன்று இருப்பது சாதாரணம். பிள்ளைகள் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) பிளாஸ்டிக் பையோடு மீனை வாங்கி வந்துவிடுவார்கள். தொட்டி அதற்குப் பிறகுதான் வரும். "அண்ணே, மீன் ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடும் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே மாதிரியான கோளாறுகள்தான். பாதி வீட்டில் நான் போவதற்குள் நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ ஊற்றியிருப்பார்கள். எனக்கு அதுதான் கவலை. மருந்து தேவைப்படும் தொட்டி குறைவு, தண்ணீர் கெட்ட தொட்டிதான் அதிகம். கெட்ட தண்ணீரில் மருந்தும் சேர்ந்தால் பிழைக்க வேண்டிய மீனும் போய்விடும். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் தண்ணீரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

கணக்கெல்லாம் 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டிக்கு. விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர். கல், மரக்கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் 45 லிட்டர்தான் இருக்கும். உப்போ மருந்தோ போடும்போது 45 என்றே கணக்குப் போடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: வெப்பமானி, அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் பார்க்கும் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி, ஆன்டி குளோரின், சோப்பு படாத தனி வாளி ஒன்று. பரிசோதனைப் பெட்டியின் விலை மீன்களின் மொத்த விலையைவிட அதிகமாக இருக்கலாம். இருந்தாலும் வாங்குங்கள். அது இல்லாமல் செய்வதெல்லாம் ஊகம்தான்.

## தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது

இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இதில் போவது மீன் மட்டும் இல்லை. கையை எடுங்கள். தொட்டியில் உள்ள எதையும் தொடாமல், உலர்ந்த கையால் சுவர் சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் நனைந்திருந்தால் அதையும் தொடாமல் நேராக மெயின் பெட்டிக்குப் போங்கள்.

வயர் வழியாகத் தண்ணீர் வழிந்து பிளக்குக்குள் போவதுதான் அடிக்கடி நடப்பது. செலவே இல்லாமல் சரியாகும். வயர் பிளக்குக்கு ஏறுவதற்கு முன் சாக்கெட்டைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அடுத்தது, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பழைய பம்ப். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, யாரும் தண்ணீரில் கை வைக்காமல், ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் மெயின் பெட்டிச் சுவிட்ச்) விழுகிறதோ அதுதான் கெட்டது. டேப் சுற்றி மறுபடி பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

தொட்டிச் சாமான் ஒன்றுகூட மாட்டாத நிலையிலும் இ.எல்.சி.பி. விழுகிறது, அல்லது பழைய லயத்து வீட்டில் இ.எல்.சி.பி.யே இல்லை என்றால் நீங்கள் திறந்து பார்க்கக் கூடாது. சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். அதுவரை தொட்டிக்குப் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் போதும்.

## மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

அதிகம் கூப்பிடுவது இதற்குத்தான். காரணம் பல, ஆனால் எப்போது தொடங்கியது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். எந்தக் காரணமாக இருந்தாலும் முதல் வேலை காற்றுக் கல்லை முழு வேகத்தில் விடுவது. பம்ப் இல்லையென்றால், தொட்டித் தண்ணீரையே குவளையில் மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். அதைச் செய்துகொண்டே யோசிக்கலாம்.

தண்ணீர் மாற்றிய கொஞ்ச நேரத்தில் தொடங்கியது. குளோரின். குழாய்த் தண்ணீரை நேராக விட்டிருப்பீர்கள், அல்லது ஆன்டி குளோரினை மாற்றிய தண்ணீருக்குப் போதாமல் போட்டிருப்பீர்கள். இப்போது முழுத் தொட்டிக்கும் கணக்குப் போட்டு உடனே ஆன்டி குளோரின் போடுங்கள். இன்னொரு தடவை தண்ணீர் மாற்றாதீர்கள். தண்ணீர்த் தடை முடிந்து குழாய் திறக்கும் நாளில் வரும் தண்ணீரை இரண்டு நாளைக்குத் தொட்டிக்குள் விட வேண்டாம். செம்மண் கலங்கலோடு வரும், குளோரின் வாடையும் தூக்கலாக இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமைன் கலந்திருந்தால் அப்படிப் போகாது, அதற்கு ஆன்டி குளோரின்தான் வழி.

காலையில் மட்டும், விளக்குப் போட்ட பிறகு சரியாகிவிடுகிறது. செடி நிறைய உள்ள தொட்டியில் இரவு நேரத்தில் செடியும் ஆக்ஸிஜனை இழுக்கும். மீனும் கூட்டமாக இருந்தால் விடியற்காலையில் திணறும். இரவு முழுக்கக் காற்றுக் கல் ஓடட்டும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் சமையல் துடைக்கும் வெள்ளைக் காகிதத்தை மேலே விரித்து எடுங்கள், படலம் அதோடு வந்துவிடும்.

மதியம் 2 மணிக்கு மேல். தகரக் கூரை வீடு. வெப்பமானியைப் பாருங்கள். நம் ஊரில் 27 முதல் 29 டிகிரி வரை கவலையில்லை. 31 தாண்டினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் தங்குவது குறைகிறது, மீனுக்குத் தேவையோ கூடுகிறது. மூடியைத் திறந்து மேஜை விசிறியைத் தண்ணீர் மேல் படும்படி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை அப்படியே போடாதீர்கள். தொட்டியைக் கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் தள்ளி வைப்பதுதான் நிரந்தர வழி.

தொட்டி வைத்து ஒரு மாதம் ஆகவில்லை. அம்மோனியாவைப் பாருங்கள், நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். 0.25 பி.பி.எம்.-க்கு மேல் ஏறினால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் 10 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பு கரைத்து ஊற்றுவது மீனைக் காப்பாற்றும். வளர்ந்த மீன் மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. தொட்டி நிலைப்பட, அதாவது அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் வளர, நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதைச் சுருக்க நல்ல வழி ஒன்று உண்டு: மீன் நோயில்லாமல் நெடுநாள் ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். ஈரம் காயாமல் கொண்டு வர வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்த பழைய தொட்டி, ஃபில்டர் கழுவிய மறுநாள். வீட்டில் யாரோ நல்லெண்ணத்தில் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெளுக்க வெளுக்கக் கழுவியிருப்பார்கள். அழுக்கோடு நல்ல பாக்டீரியாவும் போய், தொட்டி மறுபடி புதுத் தொட்டியாகிவிட்டது. மேலே சொன்ன அம்மோனியா வைத்தியம்தான். இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து கழுவுங்கள். அது பழுப்பாக இருப்பதுதான் சரி.

புகை அடித்த பிறகு. டெங்கிக்குப் புகை அடிக்க வரும்போது கதவு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். அந்தப் புகையில் உள்ள பூச்சிக்கொல்லி மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது. காற்று பம்ப் அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடும், அதனால் புகை வரும் நேரத்தில் பம்ப்பை அணைத்துவிடுங்கள். தொட்டியைப் பெரிய பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஓரங்களில் ஈரத் துண்டு சுற்றுங்கள். புகை அடங்கி வீடு காற்றோட்டமானதும் உடனே திறந்து பம்ப்பைப் போடுங்கள், மணிக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். மூடத் தவறி மீன்கள் சுழன்று சுழன்று நீந்தினால், அல்லது பக்கவாட்டில் சாய்ந்தால், குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றி, ஃபில்டரில் புதுக் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) வையுங்கள். அன்று மாலையே இன்னொரு தடவை மாற்றுங்கள். கொசு மருந்து ஸ்பிரேக்கும் இதே கதைதான். செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடித்துவிட்டு வருபவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகுதான் தொட்டியில் கை வைக்க வேண்டும்.

## தண்ணீரின் நிறம் மாறிவிட்டது

வெள்ளையாகக் கலங்கியிருந்தால், அதுவும் புதுத் தொட்டியில் என்றால், பாக்டீரியாப் பெருக்கம். சாப்பாட்டைக் குறைத்து, அம்மோனியாவைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். ஒரு வாரத்தில் தானாகத் தெளியும். கண்ணாடிபோல் ஆக வேண்டும் என்று முழுத் தண்ணீரையும் கொட்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழைய தொட்டி திடீரென்று வெள்ளையானால் எங்கோ செத்த மீன் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும். கட்டைக்குப் பின்னால், ஃபில்டர் குழாய் ஓரத்தில் தேடுங்கள்.

பச்சையானால் வெயில். ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள், விளக்கை 6 மணி நேரத்துக்குக் குறையுங்கள். அடர்த்தியான பச்சை என்றால் மூன்று நாள் கறுப்புத் துணி போட்டு மூடி, காற்று மட்டும் ஓடவிட்டு, பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

தேநீர் நிறம் மரக்கட்டையிலிருந்தோ கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையிலிருந்தோ இறங்குவது. கெடுதல் இல்லை. நம் தீபகற்பத்தின் கரிநீர் ஓடைகளில் வாழும் ரஸ்போராவுக்கு அதுதான் சொந்த ஊர் நிறம். கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஃபில்டரில் கரி வைத்தால் போதும்.

கல்மேல் நீலப் பச்சையாக வழவழவென்று ஒரு படலம், விரலால் தள்ளினால் தகடாக உரிகிறது, சேற்று வாடை அடிக்கிறது: இது பாசி மாதிரி தெரிந்தாலும் பாக்டீரியா. பாசி தின்னும் மீன் இதைத் தொடாது. உறிஞ்சி எடுத்து, கல்லைக் கிளறி, தண்ணீர் ஓட்டத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். பாசிக்கென்று "பண்டாராயா" (பிளெகோ) மீனை வாங்கிப் போடாதீர்கள். ஓரடிக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. வளர்ந்துவிட்டதே என்று சிலாங்கூர் ஆற்றிலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ கொண்டுபோய் விடவும் கூடாது. உள்ளூர் மீனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

## மோலி நின்ற இடத்திலேயே ஆடுகிறது, கப்பி செட்டையை ஒடுக்கிக்கொள்கிறது

நோய் இல்லை, மருந்து வேண்டாம். நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் தாதுச்சத்துள்ள கடினத் தண்ணீர் வேண்டும். பி.எச். பாருங்கள். 6.5-க்குக் கீழே இருந்தால் கைப்பிடி பவளக் கல்லை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள். மெதுவாக ஏறட்டும், ஒரே நாளில் ஏற்றினால் அதுவே தாக்கும்.

அதே தொட்டியில் நியான் டெட்ராவும் ரஸ்போராவும் இருந்தால் இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அவற்றுக்கு மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள தண்ணீர்தான் பிடிக்கும். நான் சொல்வது இதுதான்: பவளக் கல் வாங்கித் தண்ணீரோடு போராடுவதைவிட, நம் தண்ணீருக்கு ஏற்ற மீனை வையுங்கள். எட்டு ரஸ்போரா, ஆறு கோரிடோராஸ், தேன் கௌராமி ஒரு ஜோடி. இரண்டடித் தொட்டிக்கு இது நிறைவு. கப்பிதான் வேண்டும் என்று பிள்ளை அழுதால் கப்பிக்கு மட்டும் தனித் தொட்டி.

## உடம்பில் புள்ளி, பஞ்சு, கிழிசல்

உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், கல்லில் உடம்பைத் தேய்க்கிறது. வெள்ளைப் புள்ளி நோய். புது மீனோடு வந்திருக்கும். தோலுக்குள் இருக்கும் புள்ளியை மருந்து கொல்லாது. அது உதிர்ந்து தண்ணீரில் நீந்தும்போதுதான் கொல்லும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல், கடைசிப் புள்ளி போன பிறகும் நான்கைந்து நாள் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவதால்தான் இது திரும்பத் திரும்ப வருகிறது. ஃபில்டரில் உள்ள கரியை எடுத்துவிட்டு, கடையில் வெள்ளைப் புள்ளிக்கென்று விற்கும் மருந்தைப் போடுங்கள். கோரிடோராஸும் டெட்ராவும் இருந்தால் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள். ஆக்ஸிஜன் குறையும், காற்றுக் கல் அவசியம்.

வாயிலோ முதுகிலோ வெள்ளைப் பஞ்சு. அடிபட்ட இடத்தில் மட்டும் நூல் நூலாக இருந்தால் பூஞ்சை. மீனைத் தனி வாளியில் விட்டு மஞ்சள் மருந்தோ நீல மருந்தோ கொடுக்கலாம். வாயைச் சுற்றியும் முதுகில் சேணம் போட்டதுபோலும் வெளிறிப் பரவினால் பாக்டீரியா. வெப்பத் தண்ணீரில் ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்யும். இதற்குத் தண்ணீரைச் சூடாக்கவே கூடாது. மீன் விலை உயர்ந்தது, அல்லது ஒன்றுக்கு மேல் பரவிவிட்டது என்றால் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஆன்டிபயாட்டிக்கை ஊகத்தில் ஊற்றாதீர்கள்.

வால் கிழிந்திருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கு மட்டும் எரிய, தள்ளி உட்கார்ந்து கால் மணி நேரம் பாருங்கள். யாராவது கடிக்கிறார்களா? புலிக்கோட்டு பார்ப் ஒன்றிரண்டாக இருந்தால் கப்பி வாலை விடாது. கடித்த வால் நறுக்கியதுபோல் இருக்கும், நல்ல தண்ணீரில் தானாக வளரும். ஓரம் வெள்ளையாகி நாளுக்கு நாள் கரைந்தால் செட்டை அழுகல். ஒரு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றியும் நிற்கவில்லை என்றால்தான் மருந்து.

## நோய் தெரியவில்லை, ஆனால் வாரத்துக்கு ஒன்றாகச் சாகிறது

பழைய தொட்டிகளில் இது உண்டு. தண்ணீர் தெளிவாக இருக்கும், மீன் மட்டும் குறைந்துகொண்டே வரும். பி.எச். பாருங்கள். மென்மையான தண்ணீரை நெடுநாள் மாற்றாமல் விட்டால் பி.எச். 6-க்கும் கீழே இறங்கி, ஃபில்டர் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அவசரப்பட்டு ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டாம். பி.எச். சட்டென்று ஏறினால் தேங்கியிருக்கும் அம்மோனியா கொடிதாக மாறும். நாளுக்குப் பத்தில் ஒரு பங்காக மாற்றிக்கொண்டே வாருங்கள்.

வயிறு ஒட்டி, முதுகெலும்பு வளைந்து, நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து சாகிறது என்றால் மீன் காசநோய் என்று சந்தேகப்படுங்கள். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை, மனிதர் கைக்கும் இது ஒட்டும். செம்பனை முள் குத்திய கையோடு, வெட்டுக்காயத்தோடு தொட்டியில் கை வைக்கக் கூடாது. கையுறை போடுங்கள். கையில் ஆறாத புண்ணோ கட்டியோ வாரக்கணக்கில் இருந்தால் கிளினிக்குக்குப் போகும்போது "வீட்டில் மீன் வளர்க்கிறேன்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகமே வராமல் போகலாம்.

## ஃபில்டர் ஓடவில்லை, காற்று வரவில்லை

கரண்ட் போய் வந்த பிறகு நின்றுவிட்டதா? பிளக்கைக் கழற்றி, பம்ப்பின் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றும் காந்த விசிறியை எடுங்கள். வழவழப்பான அழுக்கு சுற்றியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் விசிறியையும் அது உட்காரும் குழியையும் தேய்த்துவிட்டு மாட்டினால் பெரும்பாலும் ஓடும். நடுவில் உள்ள மெல்லிய அச்சு உடைந்திருந்தால் அதை மட்டும் கேட்டு வாங்கலாம். சுருள் கருகிய வாடை வந்தால் புதுப் பம்ப்தான்.

காற்று வரவில்லை என்றால் முதலில் கல்லைக் கழற்றிக் குழாயை மட்டும் தண்ணீரில் விடுங்கள். குமிழ் வந்தால் கல் அடைத்திருக்கிறது. வராவிட்டால் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கும், அது தனியாகக் கிடைக்கும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகப் பம்ப்புக்குள் இறங்கும்.

மூடிய பெட்டி ஃபில்டர் அரை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தால் அப்படியே ஓட்டாதீர்கள். உள்ளே தேங்கி அழுகிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிப் பிறகு ஓட்டுங்கள்.

## தொட்டிக்குக் கீழே ஈரம்

கசிவு என்று முடிவு கட்டும் முன் மூடியின் விளிம்பில் வழிவது, காற்றுக் குழாய் வழியாக இறங்குவது, ஃபில்டர் இணைப்பில் சொட்டுவது மூன்றையும் பாருங்கள். மூடியில்லாத தொட்டி விசிறிக்குக் கீழே இருந்தால் தண்ணீர் ஆவியாகிக் குறைவதும் உண்டு, ஆனால் அதில் தரை நனையாது. எல்லாம் சரி என்றால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, இணைப்பு நெடுக உலர்ந்த காகிதத்தை ஒற்றி வாருங்கள். நனையும் இடம்தான் கசிவு. தெரியவில்லை என்றால் மீனை வாளிக்கு மாற்றிவிட்டு, கண்ணாடியில் டேப் ஒட்டித் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். தண்ணீர் எந்த மட்டத்தில் இறங்காமல் நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை.

சரிசெய்ய, புளிப்பு வாடை அடிக்கும் சுத்த சிலிக்கான் வாங்குங்கள். குளியலறைக்கென்று பூஞ்சை மருந்து கலந்து விற்பது மீனைக் கொல்லும். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. உட்புறத்தில் பழையதைப் பிளேடால் முழுக்க வெட்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரே இழுப்பில் போட்டு, மூன்று நாள் காயவிடுங்கள்.

அடிக் கண்ணாடியில் கீறல் இருந்தால் ஒட்டிப் பயனில்லை. மூன்றடிக்கு மேற்பட்ட தொட்டி என்றால் தொட்டி கட்டுபவரிடமே கொடுங்கள். அப்புறம், இடத்தையும் பாருங்கள். இரண்டடித் தொட்டி கல்லோடு சேர்ந்து 70 கிலோவைத் தாண்டும். பலகைத் தரை வீட்டில் கறையான் அரித்த இடத்தில் வைத்தால் தரை ஒரு பக்கம் தாழ்ந்து, எத்தனை தடவை ஒட்டினாலும் அதே மூலை விட்டுக்கொடுக்கும். சிமெண்டுத் தரையில், மட்டம் பார்த்த இரும்புச் சட்டத்தின் மேல், கண்ணாடிக்குக் கீழே ஒரு ஃபோம் விரிப்புப் போட்டு வையுங்கள். நிரப்பி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் மட்டும் நிற்கட்டும், காகிதம் நனையவில்லை என்றால் மறுநாள் மீனை விடலாம்.